வார்ப்புருவும் பாயிரமும்

தோற்றுவாய்

யாதொரு கருமத்தைத் தொடங்குமிடத்தும் முன்னோர் வகுத்த ஓர் ஒழுங்கைத் துணையாகக் கொண்டு தொடங்குதல் தமிழர் மரபு. ஓலையில் எழுத்தாணி வைத்தோர் முதற்கண் பிள்ளையார் சுழி இட்டனர். காவியஞ் செய்தோர் காப்பும் கடவுள் வாழ்த்தும் பாடினர். இலக்கண நூலுக்குப் பாயிரம் அமைந்தது. வன்னியிலே கூத்தாடுவோரும் காப்புப் பாடியே களரியைத் தொடங்குவர். இவையெல்லாம் தொடங்குவோனுடைய தயக்கத்தை நீக்கி, வெற்றிடத்தின் முன்னே அவன் திகைத்து நில்லாவண்ணம் காப்பன. எனினும் இவற்றுட் பிள்ளையார் சுழி பின்வரும் பொருள் இன்னதென்று வரையறுப்பதில்லை. அதன்கீழ்க் கலியாணச் சொல்லும் எழுதலாம். கடன் கணக்கும் எழுதலாம்.

கணினிக்குச் செய்நிரல் எழுதுவோரும் இக்காலத்தில் இத்தகைய ஒரு துணையைக் கொள்கின்றனர். அதனை வார்ப்புரு என்பர். புதிய செயற்றிட்டம் ஒன்றைத் தொடங்க விரும்புவோன் ஒரு கட்டளையை இட்டு, செயற்றிட்டத்தின் பெயரையும் கொடுப்பானாயின், கோப்புறைகளும் அவற்றினுள்ளே கோப்புகளும் கணப்பொழுதில் தோன்றிவிடுகின்றன. பெயர் எழுதும் இடம், உரிமம், முதற்சார்பு, சோதனைக் கோப்பு ஆகிய யாவும் அங்கே ஆயத்தமாக நிற்கும். இவ்வார்ப்புருக்கள் கருவிகளாக மட்டுமே கருதப்பட்டு வந்துள்ளன. ஆயின் இவை எழுத்தாலானவை. ஒருவரால் மற்றொருவர்க்கு எழுதப்பட்டவை. புதிதாகக் கற்பவன் அம்மொழியிற் காணும் முதல் வாசகங்களும் இவையே. ஆதலின் ஏனைய நூல்களைப்போல இவையும் குணங்குற்றங்கள் ஆராயப்படற்குரியன. சார்புமொழிகள் மூன்றன் வார்ப்புருக்களை ஒப்பிட்டு, அவை வன்னிப் பெருநிலத்து மாணவனுக்கு எத்துணைப் பயன்படுவன என்பதை மதிப்பிடுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சார்புமொழியின் இயல்பு

சார்பு என்பது கணித மாணவர் நன்கறிந்த சொல். ஓர் உள்ளீட்டுக்கு ஒரே விளைவைத் தருவது சார்பு. இன்று கொடுத்தாலும் நாளை கொடுத்தாலும் விளைவு மாறாது. இக்கருத்தை அடிப்படையாகக் கொண்டு அலொன்சோ சேர்ச் என்னும் அமெரிக்க அளவையியலாளர் 1930-களில் லாம்டா நுண்கணிதத்தை வகுத்தார். 1958-ல் ஜோன் மக்கார்த்தி தொடங்கிய லிஸ்ப் மொழி அக்கணிதத்தின் சாயலைக் கணினிக்குக் கொண்டுவந்தது. போர்ட்ரான் மொழியை ஆக்கிய ஜோன் பாக்கஸ் தாமே, 1977-ல் டூரிங் பரிசு பெற்றபோது ஆற்றிய பேருரையில், கட்டளைகளை அடுக்கிச் செல்லும் பழைய முறையினின்றும் செய்நிரலாக்கம் விடுதலை பெறல் வேண்டும் என வாதிட்டார். 1987-ல் அமெரிக்காவின் போர்ட்லண்டு நகரிற் கூடிய அறிஞர் எடுத்த முடிவின்வழி ஹாஸ்கெல் மொழி உருவாகி, அதன் முதல் வரையறை 1990-ல் வெளிவந்தது. ஹாஸ்கெல் கறி என்னும் அளவையியலாளரின் பெயரே மொழிக்கு இடப்பட்டது.

இம்முறையின் வேறுபாட்டை வன்னி மாணவனுக்கு விளக்குதல் எளிது. குளத்து நீர்மட்டத்தைக் கரும்பலகையில் எழுதி, மறுநாள் அதனை அழித்து வேறெண் எழுதுதல் ஒரு முறை. நேற்றைய எண்ணைத் தொடாது, கணக்கேட்டில் அடுத்த வரியிற் புதிய எண்ணைப் பதிதல் மற்றொரு முறை. பெரும்பாலான மொழிகள் கரும்பலகையை ஒத்தன. அவற்றில் மாறி என்பது அழித்தெழுதப்படுவது. சார்புமொழி கணக்கேட்டை ஒத்தது. அதிலே ஒருமுறை பெயரிட்ட பெறுமானம் பின்னர் மாறுவதில்லை. ஆண்டிறுதியில் ஐயம் எழுமாயின் எம்முறை துணைசெய்யும் என்பது கணக்கெழுதுவோர் அறிந்ததே.

இது வெறும் ஏட்டுக்கல்வி என ஒதுக்கத்தக்கதன்று. சுவீடன் நாட்டு எரிக்சன் நிறுவனம் 1986-ல் தொலைபேசித் தொடர்புக்கென வளர்க்கத் தொடங்கிய ஏர்லாங் என்னும் சார்புமொழியின்மீதே வாட்சப் சேவை கட்டப்பட்டது. முல்லைத்தீவிலிருந்து தொராண்டோவிலுள்ள மகனுக்குத் தாய் அனுப்பும் குரற்செய்தி இம்மொழியின் வழியாகவே செல்கின்றது. அவ்வேர்லாங்கின் இயக்கத்தளத்தின்மேல் ஜொசே வாலிம் அமைத்த எலிக்சர் மொழியின் முதற் பதிப்பு 2014-ல் வெளிவந்தது. லிஸ்ப் மரபில் ரிச் ஹிக்கி ஆக்கிய குளோஜர் 2007-ல் வெளியாயிற்று. ஹாஸ்கெல், குளோஜர், எலிக்சர் என்னும் இம்மூன்றின் வார்ப்புருக்களே இங்கு ஆராயப்படுவன.

மூன்று வார்ப்புருக்கள்

ஹாஸ்கெலில் ஸ்டாக் என்னும் கருவி 2015-ல் வெளிவந்தது. அதற்குப் ‘புதிது’ என்னும் கட்டளையை இட்டால், வேறு வார்ப்புருவின் பெயரைக் குறிப்பிடாவிடத்து, பொதுவார்ப்புரு ஒன்று விரிகின்றது. அதிலே மூன்று அறைகள் உள. ஒன்று செய்நிரலின் வாயில், ஒன்று நூலகம், ஒன்று சோதனை. இப்பகுப்பு மிகவும் போற்றத்தக்கது. திரையில் எழுதுதல், கோப்பை வாசித்தல் முதலிய புறத்தொழில்களை வாயிலில் நிறுத்தி, தூய சார்புகளை உள்ளே வைத்தல் சார்புமொழி வல்லார் பலகாலம் பயின்று கண்ட நெறி. அந்நெறியைச் சொற்களாற் போதியாது கோப்புறைகளின் அமைப்பாலேயே வார்ப்புரு போதிக்கின்றது.

அறைகள் செம்மையாக அமைந்தும், அவற்றுள் வைக்கப்பட்ட பொருள் அத்துணைச் செம்மையுடையதன்று. நூலகத்தில் ஒரே ஒரு சார்பு உளது. அதன் பெயர் ‘ஏதோவொரு சார்பு’ எனப் பொருள்படும். அஃது உள்ளீடு எதனையும் ஏற்பதில்லை. தன் பெயரைத் திரையில் எழுதுவதே அதன் தொழில். கணிதத்தின் பொருளில் இது சார்பேயன்று; ஒரு செயல் மாத்திரமே. தூய சார்புகளுக்கெனப் பெயர்பெற்ற மொழி, தன் வாயிலில் வந்து நிற்கும் மாணவனுக்குக் காட்டும் முதல் உதாரணம் தூய சார்பாக இல்லாமை பெருங்குறையாகும். ஓசையைக் கற்பிக்க வந்த ஆசான் முதற்பாடத்தில் உரைநடையை ஒப்புவித்ததை ஒக்கும் இது.

இக்குறை சோதனை அறையிலும் சென்று பற்றுகின்றது. பெறுமானம் எதனையுந் தாராத ஒன்றைச் சோதித்தல் அரிது. ஆதலின் அங்கே, சோதனைகள் இன்னும் எழுதப்படவில்லை என்னும் பொருள்பட ஒரு வாக்கியம் அச்சிடப்படுமாறு விடப்பட்டுள்ளது. அவ்வாக்கியத்தை அச்சிட்டபின் செய்நிரல் தவறின்றி முடிவடைவதால், சோதனை தேறியதாகவே கருவி அறிவிக்கின்றது. விடை எழுதப்படவில்லை என எழுதிய விடைத்தாளுக்குச் சித்தி வழங்கும் பரீட்சகர் எந்தக் கல்லூரியிலும் நிலைத்திரார். அனுபவமுடையோர் இதனைக் கண்டு நகைத்துக் கடந்து செல்வர். புதியவனோ தேறியது என்னும் சொல்லை நம்பி, சோதனை என்பது இத்துணை எளிதென எண்ணிக்கொள்வான்.

குளோஜருக்குரிய லைனிங்கன் என்னும் கருவியின் வார்ப்புரு இதற்கு நேர்மாறானது. அதன் சோதனைக் கோப்பிலே பூச்சியமும் ஒன்றும் சமம் என ஒரு கூற்று வைக்கப்பட்டு, தன்னைத் திருத்துமாறும் தான் தவறுவதாகவும் அக்கூற்றே அறிவிக்கின்றது. சோதனையை இயக்கியவுடன் தோல்வி வருகின்றது. செயற்றிட்ட விவரக் கோப்பிலும் விளக்கம் எழுதுக என்னும் நினைவூட்டல் உண்டு. இவ்வார்ப்புரு நேர்மையுடையது, நிரப்பப்படாத இடத்தை நிரப்பப்பட்டதுபோலக் காட்டுவதில்லை. அதன் சார்போ, தான் பெரிதாக ஒன்றுஞ் செய்வதில்லை என்று தன் விளக்கவுரையிலேயே ஒப்புக்கொள்வது. ஆயினும் அதுவும் ஓர் உள்ளீட்டை ஏற்றுத் திரையில் எழுதுவதேயன்றிப் பயன்படும் பெறுமானத்தைத் திருப்பித் தருவதன்று. மேலும், அருகில் ஆசிரியரின்றித் தனியே பயில்பவனுக்கு முதல் விளைவே தோல்வியாக வருதல் அச்சந் தருவது. தவறு தன்னுடையதா, கருவியினுடையதா என அவன் மயங்கல் கூடும்.

எலிக்சருக்குரிய மிக்ஸ் என்னும் கருவி மூன்றாவது வழியை மேற்கொள்கின்றது. அதன் வார்ப்புருவிலுள்ள சார்பும் மிகச் சிறியதே. உள்ளீடு அதற்கும் இல்லை. ஆயின் அது திரையில் எழுதுவதில்லை. ஒரு பெறுமானத்தைத் திருப்பித் தருகின்றது. சோதனைக் கோப்பு அப்பெறுமானத்தை எதிர்பார்த்ததோடு ஒப்பிட்டுப் பார்க்கின்றது. இரண்டும் ஒத்தமையாற் சோதனை தேறுகின்றது; அத்தேர்ச்சி உண்மையானது. சார்பின் விளக்கவுரையில் எழுதப்பட்ட உதாரணமும் சோதனையாக இயக்கப்படுதல் இதன் தனிச்சிறப்பு. சூத்திரத்துக்கு உரையாசிரியர் காட்டும் உதாரணம் சூத்திரத்தோடு பொருந்துகின்றதா என்பதை ஒவ்வொரு முறையும் தானே சரிபார்க்கும் ஏடு ஒன்று இருக்குமாயின், அது இதனைப் போன்றதாகும். மாணவன் அப்பெறுமானத்தை மாற்றினால் சோதனை தவறும். மீண்டும் திருத்தினால் தேறும். சார்பு, விளைவு, சான்று என்னும் மூன்றன் தொடர்பையும் பத்து வரிகளுள் அவன் கண்டுகொள்கின்றான்.

இம்மூன்றையும் ஒப்பிடுமிடத்து ஒரு வியப்புப் புலனாகின்றது. மூன்று மொழிகளுள்ளும் தூய்மையை மிகக் கண்டிப்பாகப் பேணுவது ஹாஸ்கெல். எலிக்சரோ புறத்தொழிலை எங்கு வேண்டினும் செய்ய விடுவது. எனினும் தொடக்கப் பாடத்தில் தூய்மையைக் காட்டியது எலிக்சரின் வார்ப்புருவே. மொழியின் சிறப்பு அதன் வார்ப்புருவில் தானே வந்து அமைந்துவிடுவதில்லை என்பதற்கு இஃது ஏற்ற சான்று.

பாயிரவிலக்கணமும் வார்ப்புருவும்

நன்னூலார் சிறப்புப்பாயிரத்துக்கு எட்டுப் பொருள்களை வகுத்தார். ஆசிரியன் பெயர், நூல் வந்த வழி, அது வழங்கும் எல்லை, நூலின் பெயர், யாப்பு, கூறும் பொருள், கேட்போர், பயன் என்பன அவை. வார்ப்புரு தரும் விவரக் கோப்பை இவ்வெட்டோடும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். செயற்றிட்டத்தின் பெயர் நூற்பெயர். எழுதியவர் பெயருக்கென ஓர் இடம் உளது. எந்நூலகங்களைச் சார்ந்தது என்னும் பட்டியல் நூல் வந்த வழியைச் சொல்வது. உரிமம் அது வழங்கும் எல்லையை வரையறுப்பது. பகுதிகளை எவ்வாறு கோக்க வேண்டும் என்னும் விதிகள் யாப்பு. ஐந்து பொருள்கள் எளிதிற் பொருந்தின. எஞ்சிய மூன்று, கூறும் பொருளும் கேட்போரும் பயனும்.

இம்மூன்றிலேதான் வார்ப்புருக்கள் இடர்ப்படுகின்றன. ஹாஸ்கெலின் வார்ப்புரு, சுருக்க விளக்கம் என்னும் வரியைச் செயலற்ற குறிப்பாக விட்டுச்செல்கின்றது. குளோஜரின் வார்ப்புரு அவ்விளக்கத்தை எழுதுமாறு இரக்கின்றது. எலிக்சரின் விவரக் கோப்பில் அதற்கென ஒரு வரியும் இயல்பாக இல்லை. விளக்கம் வேறு கோப்பிலே தேடத்தக்கது. யாருக்காக, எதற்காக என்னும் வினாக்களுக்கு வார்ப்புரு விடைகூற இயலாதென்பது உண்மை. ஆயின் அவ்வினாக்களை முதலிற் கேட்டல் அதற்கு இயலும். ஹாஸ்கெல் உலகிலேயே கபால் என்னும் மற்றொரு கருவி, தொடங்குவோனிடம் ஒவ்வொன்றாக வினாவி விடை பெற்றபின் கோப்புகளை அமைக்கின்றது. வினாவிப் பெறும் இம்முறை, எல்லாவற்றையும் ஊகித்து நிரப்பிவிடும் முறையினும் பாயிரத்துக்கு அணுக்கமானது.

மற்றொரு வேறுபாடும் கருதத்தக்கது. ஆசிரியன் தன்னைத் தானே புகழ்தல் தகாதாகலின், சிறப்புப்பாயிரத்தை அவனுடைய ஆசிரியரோ, உடன் கற்றவரோ, மாணவரோ, உரைகாரரோ பாடுதல் மரபு. வார்ப்புருவும் பிறராற் செய்யப்பட்டதே. ஆயின் பாயிரம் பாடுவோர் நூலை முற்றக் கற்றபின் பாடுவர். வார்ப்புருச் செய்தோர் நூல் பிறக்குமுன்னரே அதற்குப் பாயிரஞ் செய்துவிடுகின்றனர். காணாத நூலுக்குச் செய்த பாயிரத்தில் ஊகங்கள் பல புகுதல் தவிர்க்கவியலாதது. ஹாஸ்கெலின் வார்ப்புரு ஒருவகைத் தளர்ந்த உரிமத்தைத் தானே தெரிந்து வைக்கின்றது. குளோஜரின் வார்ப்புரு எக்லிப்ஸ் பொது உரிமத்தை வைக்கின்றது. எழுதியவன் தன் உழைப்பை உலகுக்கு எவ்வாறு வழங்குவது என்பதை அவன் அறியாமலே முடிவுசெய்தலன்றோ இது?

எழுதியவர் பெயரின் நிலை இன்னும் வருந்தத்தக்கது. முன்னரே அமைப்புக் கோப்பிற் பெயரைப் பதிந்திராவிடின், ஹாஸ்கெலின் வார்ப்புரு அவ்விடத்தில் ‘ஆசிரியர் பெயர் இங்கே’ என்னும் பொருள்படும் சொற்களை நிரப்பிவிடுகின்றது. அச்சொற்கள் மாற்றப்படாமலே உலகின் பொதுக் களஞ்சியங்களில் வெளிவந்த செய்நிரல்கள் மிகப் பல. 2009 வரை நடந்த போரிலே பிறப்புச் சான்றிதழையும் காணி உறுதியையும் பாடசாலைப் பதிவையும் இழந்து, தம் பெயரை மீண்டும் மெய்ப்பிக்க அலைந்த குடும்பங்கள் வன்னியில் உள. அக்குடும்பத்துப் பிள்ளை ஒருவன் தான் ஆக்கிய முதற் செய்நிரலில் தன் பெயர் இருக்கவேண்டிய இடத்தை அவ்வாறே விட்டுவிடுதலைச் சிறு மறதி எனக் கொள்ளலாகாது. பெயரை எழுதுதல் தன் படைப்புக்குப் பொறுப்பேற்றலாகும். அவ்விடத்தை வெறுமையாக விட்டு, பெயர் எழுதப்படும்வரை செய்நிரலை இயங்கவிடாத வார்ப்புருவே நல்லாசிரியனை ஒத்தது.

வன்னியின் நிலை

வவுனியாவில் 1991-ல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கிய நிறுவனம் 1997-ல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாயிற்று. 2021 ஆகஸ்ட் 1 முதல் வவுனியாப் பல்கலைக்கழகம் எனத் தனித்து விளங்குகின்றது. கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கணினிப் பொறியியலையும் கற்பிக்கின்றது. இவற்றுக்கு வரும் மாணவர் பலர் உயர்தர வகுப்பில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தைத் தமிழிற் பயின்று, பைதன் மொழியிற் செய்நிரல் எழுதப் பழகியவர். பல்கலைக்கழகத்திலோ ஆங்கிலமே பயிற்றுமொழி. சார்புமொழியை அவர் அணுகுங்கால் சிந்திக்கும் முறையும் புதிது, சொற்களும் புதியன. அந்நிலையில் வார்ப்புருவின் ஒவ்வொரு வரியும் ஒன்று கற்பிக்கும், அன்றேல் மயக்கும்.

முதலாவது இடர் இறக்கத்தின் அளவு. ஸ்டாக் கருவி வார்ப்புருவை இணையத்திலிருந்தே பெறுகின்றது. பின்னர்ச் செய்நிரலை முதன்முறை கட்டும்போது, உரிய தொகுப்பி கணினியில் இல்லையாயின் அதனையும் இறக்குகின்றது. அது பல நூறு மெகாபைற் அளவினது. கைப்பேசியின் தரவுக் கட்டணத்தைக் கொண்டு கற்கும் மாணவனுக்கு இது சிறு செலவன்று. 2022 மார்ச்சு இறுதியில் நாடெங்கும் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நிலவியதையும் நினைவிற்கொள்ளல் வேண்டும். எலிக்சரின் வார்ப்புருவோ மொழியோடு உடன்வருவது. மொழியை நிறுவியபின் இணையமின்றியே விரியும். ஹாஸ்கெலின் வார்ப்புருவுக்கு இதிலும் ஒரு நற்குணம் உண்டு. அது நூலகங்களின் பொருந்திய தொகுதி ஒன்றைப் பெயர்சொல்லிக் குறித்துவைக்கின்றது. ஆய்வுகூடத்திலுள்ள செயற்றிட்டங்கள் யாவும் ஒரே தொகுதியைக் குறிக்குமாயின், ஒருமுறை இறக்கியவற்றையே எல்லாம் பயன்படுத்திக்கொள்ளும். தொடங்குவோன் குறியாதவிடத்துக் கருவியே தொகுதியைத் தெரிவதால், அது புதிய தொகுதியாக அமையின் தொகுப்பியும் புதிதாக இறங்கல் வேண்டியதாகும்.

இரண்டாவது இடர் தமிழைப் பற்றியது. ஹாஸ்கெலில் வகைகளின் பெயர் பேரெழுத்திலும் சார்புகளின் பெயர் சிற்றெழுத்திலும் தொடங்கல் வேண்டும் என்பது விதி. தமிழெழுத்துக்கு அவ்வேறுபாடு இன்மையின், வகைப்பெயர் எதுவும் தமிழெழுத்திலே தொடங்க இயலாது. எலிக்சரிலும் 2017 முதல் மாறிகளுக்குப் பிறமொழிப் பெயர் இடலாமாயினும், கூறுகளின் பெயர் உரோம எழுத்துக்குள்ளேயே நிற்கின்றது. ஹாஸ்கெலில் ஒரு பெறுமானத்தை அச்சிடுவதற்குரிய பொதுக் கட்டளையால் ‘தமிழ்’ என்னும் சொல்லை அச்சிட்டால், 2980, 2990, 3007, 2996, 3021 என்னும் ஐந்து எண்களே திரையில் தோன்றும். எழுத்துத்தொடரை அவ்வாறே எழுதும் வேறு கட்டளையாற் சொல் செம்மையாகத் தோன்றும். இதனை அறியாத மாணவன் கணினி தமிழை ஏற்காதென முடிவுசெய்துவிடுவான். இவ்வொரு குறிப்பைத் தானும் எந்தப் பொதுவார்ப்புருவும் அவனுக்குச் சொல்லப்போவதில்லை. அதனைச் செய்தோர் அவனைக் கேட்போனாகக் கருதியதில்லை.

வார்ப்புரு வேண்டா என்பார் கூற்று

வார்ப்புருவே வேண்டா, வெறுங்கோப்பில் தொடங்குதலே கல்விக்கு ஏற்றது என்பாரும் உளர். ஒவ்வொரு வரியையும் தானே எழுதினாலன்றி அதன் பொருள் விளங்காது என்பது அவர் கொள்கை. அதில் உண்மை உண்டு. சிறு பயிற்சிகளுக்கு ஒற்றைக் கோப்பே போதுமானது. ஆயின் செயற்றிட்டம் வளரும்போது நூலகமும் சோதனையும் வேண்டப்படும். அப்பொழுது அவற்றை ஒழுங்கின்றிச் சேர்ப்பவன் படும் துன்பம் வார்ப்புருவால் வரும் துன்பத்தினும் மிகப் பெரிது. மேலும் பலர் கூடிச்செய்யும் பணியில் எல்லார்க்கும் பொதுவான ஓர் அமைப்பு இன்றியமையாதது.

வன்னி மக்கள் இவ்வழக்கை வேறொரு துறையில் முன்னரே கண்டுள்ளனர். 2010-ல் அறிவிக்கப்பட்ட இந்திய வீடமைப்புத் திட்டத்தின் 50,000 வீடுகளுட் பெரும்பகுதி வடக்குக் கிழக்கு மாகாணங்களுக்கு உரியனவாயின. 2012 ஒக்டோபர் 2-ஆம் நாள் தொடங்கிய இரண்டாங் கட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு 550,000 ரூபா தவணை முறையில் வழங்கப்பட்டு, வீட்டைக் கட்டும் பொறுப்பு உரிமையாளரிடமே விடப்பட்டது. பரப்பும் உறுதியும் பற்றிய விதிகள் இருந்தன. மேசனைத் தேடியதும் கல்லும் மணலும் கொண்டுவந்ததும் குடும்பமே. பின்னர் 2016-ல் 65,000 முன்வார்த்த உருக்கு வீடுகளை வடக்குக் கிழக்கில் அமைக்கும் திட்டம் எழுந்தபோது பலத்த மறுப்பும் எழுந்தது. இவ்வெப்பநிலத்துக்கு அவை ஏலா, பின்னர் விரித்துக் கட்டுதல் அரிது, உள்ளூர் மேசன்மார்க்குத் தொழில் இராது என்பன அம்மறுப்பின் காரணங்கள். அத்திட்டம் கருதியவாறு நிறைவேறவில்லை. முன்வகுத்த அமைப்பு வேண்டா என்று எவரும் அன்று கூறியதில்லை. வீட்டில் வாழ்வோன் அதனைத் திறந்து திருத்தி விரிக்கக்கூடியதாக அமைப்பு இருத்தல் வேண்டும் என்பதே அவ்வழக்கின் சாரம். செய்நிரல் வார்ப்புருவுக்கும் இதுவே அளவுகோலாகத் தக்கது.

செய்யத்தக்கது

ஸ்டாக் கருவி இணையத்திலுள்ள வார்ப்புருக்களை மட்டுமன்றி, ஒருவர் தம் கணினியில் எழுதிவைத்த வார்ப்புருவையும் ஏற்கின்றது. அவ்வார்ப்புரு ஓர் எளிய எழுத்துக்கோப்பே. எலிக்சருக்கும் குளோஜருக்கும் அத்தகைய வழிகள் உள. ஆதலின் வன்னிக் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் தம் மாணவர்க்குரிய வார்ப்புருவைத் தாமே செய்துகொள்ளல் ஒரு பகல் வேலைக்கு மேற்பட்டதன்று.

அவ்வார்ப்புருவின் முதற்சார்பு மாணவன் அறிந்த பொருளைக் கூறுவதாக இருத்தல் நன்று. காணி அளவை ஏற்ற உதாரணமாகும். ஓர் ஏக்கர் 160 பேர்ச். ஒரு பரப்பு 10 பேர்ச். ஆதலின் ஓர் ஏக்கர் 16 பரப்பாகும். ஏக்கரைப் பெற்றுப் பரப்பைத் தருவது ஒரு தூய சார்பு. உள்ளீடு உடையது, விளைவு உடையது, திரையைத் தொடாதது. 2 ஏக்கருக்கு 32 பரப்பு வருகின்றதா என ஒரே வரியிற் சோதிக்கலாம். பரப்பை மீண்டும் ஏக்கராக்கும் மறுதலைச் சார்பையும் எழுதுவித்து, எந்த அளவைக் கொடுத்தாலும் சென்று மீளும்போது பழைய அளவே வருதல் வேண்டும் என்னும் பொதுவிதியையும் சோதிப்பிக்கலாம். கிளாசன், ஹியூஸ் என்னும் இருவர் 2000-ல் வெளியிட்ட குயிக்செக் என்னும் கருவி இத்தகைய விதிகளைத் தானே எண்ணற்ற உள்ளீடுகளால் ஆராய வல்லது. சார்புமொழியின் பேரழகு மாணவனுக்கு முதல் நாளிலேயே புலப்படும்.

அவ்வார்ப்புருவின் குறிப்புரைகள் தமிழில் அமையலாம். அதனை எம்மொழியும் தடுப்பதில்லை. தமிழை அச்சிடும் முறை ஒரு வரியிற் காட்டப்படலாம். நூலகத் தொகுதி ஆண்டுக்கு ஒன்றாக நிலைநிறுத்தப்பட்டால் இறக்கச் செலவு குறையும். உரிமம் எழுதும் இடம் வெறுமையாக விடப்பட்டு, அதன் பொருள் விளக்கப்படல் வேண்டும். கேட்போர் யார், பயன் யாது என்னும் இரு வினாக்கள் விளக்கக் கோப்பின் தலையில் நிற்றல் வேண்டும். சோதனை எழுதப்படாவிடில் அது தேறியதாக ஒருபோதும் அறிவிக்கப்படலாகாது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், வார்ப்புருவின் குணம் அது தரும் கோப்புகளின் எண்ணிக்கையால் அளக்கப்படுவதன்று என்பது பெறப்படும். ஹாஸ்கெலின் வார்ப்புரு இடப்பகுப்பிற் சிறந்து உதாரணத்தில் வழுவியது. குளோஜரின் வார்ப்புரு வாய்மையிற் சிறந்து ஆதரவிற் குறைந்தது. எலிக்சரின் வார்ப்புரு சார்புக்கும் சோதனைக்கும் உள்ள உறவை நன்கு காட்டிற்று. எனினும் பயனைப் பற்றி வினாவவில்லை. மூன்றும் தத்தம் நாட்டுக் கற்றோரை நோக்கி எழுதப்பட்டவை. அதனை அவற்றின்மேற் குற்றமாக ஏற்றுதல் முறையன்று. வன்னி மாணவனை நோக்கி எழுதப்பட வேண்டிய வார்ப்புருவை எழுதும் கடமை வன்னியிற் கற்றோர்க்கும் கற்பிப்போர்க்கும் உரியது. அது செய்யப்படுமாயின், இனிவரும் மாணவன் அந்தக் கோப்பைத் திறக்கும்போது முதலிற் செய்யும் தொழில் தன் பெயரைத் தானே எழுதுவதாக அமையும்.